கிட்டாருக்கு எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கப் போறீங்களா? காசை வீணாக்காமல் உங்கள் டோனை உருவாக்குவது எப்படி?

2011ல் வெளியான 'ராக்ஸ்டார்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'சட்டா ஹக்' பாடலைக் கேட்டவர்களுக்கு அந்த கிட்டார் சத்தம் மறந்திருக்காது. டெல்லி பையன் ஒருவன் ராக் பாடகனாக மாறும் கதைக்கு, ஆஸ்திரேலிய கிட்டாரிஸ்ட் ஓரியாந்தி வாசித்த அந்த முரட்டு ஒலிதான் அடையாளம். அந்தப் படத்துக்குப் பிறகு, 'இந்த சத்தம் எப்படி வருது? என் கிட்டார்ல ஏன் வரல?' என்று கேட்ட இளைஞர்கள் ஏராளம்.

பதில், காலடியில் கிடக்கும் சின்னச் சின்ன உலோகப் பெட்டிகளில் இருக்கிறது. அவற்றை எஃபெக்ட்ஸ் பெடல் என்கிறார்கள்.

1990ல் உருவான இண்டியன் ஓஷன், 1991ல் தொடங்கிய பரிக்ரமா, 2019ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா வரை போய் வந்த பிளட்டிவுட் என வரிசையாக இசைக்குழுக்களைத் தந்த நகரம் டெல்லி. படிப்புக்காகவும் வேலைக்காகவும் இங்கே வந்து, வாடகை அறையில் கிட்டார் வாசிக்கும் தமிழ் இளைஞர்களும் நிறைய பேர். யூடியூபில் யாரோ வைத்திருக்கும் பெடல்களைப் பார்த்துவிட்டு, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி, ஆறே மாதத்தில் பாதி விலைக்கு விற்பது இங்கே வழக்கமாக நடக்கிற கதை. சரி, பெடல் என்றால் என்ன? எதை முதலில் வாங்கணும்? எப்படிப் பயன்படுத்தணும்? மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது என்ன? இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பெடல் என்ன வேலை செய்கிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி அதிரும்போது, அதன் கீழே இருக்கும் பிக்கப் என்ற காந்தச் சுருள் அந்த அதிர்வை மிகச் சிறிய மின்சார சிக்னலாக மாற்றுகிறது. அது ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய், பெரிதாகி, ஸ்பீக்கரில் ஒலியாக வெளியே வருகிறது.

கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே உட்கார்ந்து, அந்த சிக்னலை மாற்றி அனுப்புவதுதான் பெடலின் வேலை. வாசிக்கும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கும் என்பதால், காலால் மிதித்து ஆன், ஆஃப் செய்யும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். பிக்கப் இல்லாத சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரை பெடலில் நேரடியாக இணைக்க முடியாது. உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால், முதலில் பிக்கப் பொருத்த வேண்டும்.

இது எப்படித் தொடங்கியது?

ஒரு பழுதில் இருந்துதான். 1961ல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடலைப் பதிவு செய்தபோது, மிக்சரில் ஏற்பட்ட கோளாறால் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டாரின் ஒலி கிழிந்து, கரகரவென்று பதிவானது. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். கேட்டவர்களுக்கு அந்தக் கரகரப்பு பிடித்துப்போனது.

அதே சத்தத்தை வேண்டும்போது வரவைக்க, 1962ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் சந்தைக்கு வந்தது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்தடுத்து 1966ல் ஃபஸ் ஃபேஸ், 1974ல் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90, 1976ல் கோரஸ் ஒலியைக் கொடுத்த பாஸ் சிஇ-1 என்று வரிசை நீண்டது. 1977ல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் கையடக்கப் பெடல்களைக் கொண்டுவந்தது. 1978ல் அது வெளியிட்ட ஆரஞ்சு நிற டிஎஸ்-1 டிஸ்டார்ஷன், இன்றும் விற்பனையில் இருக்கிறது.

எத்தனை வகை இருக்கிறது?

சந்தையில் ஆயிரக்கணக்கான மாடல்கள் இருந்தாலும், அடிப்படையில் சில குடும்பங்கள்தான்.

*ஒலியைக் கிழிப்பவை:* ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ். ஊர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை அளவுக்கு மீறி வைத்தால் பாட்டு கிழிந்து கேட்குமே, தத்துவம் அதேதான். சிக்னல் ஓர் எல்லையைத் தாண்டும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. மெதுவாக மழுங்கினால் ஓவர்டிரைவ். பட்டென்று வெட்டினால் டிஸ்டார்ஷன். கிட்டத்தட்ட சதுரமாகவே நறுக்கிவிட்டால் ஃபஸ். ஓவர்டிரைவில் நீங்கள் மெதுவாக மீட்டினால் ஒலி சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் முரடாகவும் வரும். ஃபஸ்ஸில் பெரும்பாலும் அந்த வித்தியாசம் குறைவு.

*அளவைக் கட்டுப்படுத்துபவை:* கம்ப்ரஸர், அழுத்தி வாசித்ததைக் கொஞ்சம் அடக்கி, மெல்ல வாசித்ததைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஸ்வரம் நீண்ட நேரம் நிற்கும். நாய்ஸ் கேட், நீங்கள் வாசிக்காதபோது வரும் இரைச்சலை மூடும்.

*நிறத்தை மாற்றுபவை:* வா-வா பெடலில் காலை முன்னும் பின்னும் அசைத்தால், 'வா... வா...' என்று வாயைத் திறந்து மூடுவது போலவே கேட்கும். ஈக்யூ பெடல், பேஸ், மிட், ட்ரெபிள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும்.

*அசைவு கொடுப்பவை:* கோரஸ், ஃபேசர், ஃப்ளேஞ்சர், ட்ரெமலோ. ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் சேர்ந்து பாடினால் மிகச் சிறிய வித்தியாசம் இருக்கும், அதுதான் கோரஸ். உங்கள் சிக்னலின் நகலை சில மில்லி விநாடி தள்ளி, சுருதியை லேசாக ஆட்டி, அசலோடு கலக்கிறது. ட்ரெமலோ, சத்தத்தை மட்டும் சீராக ஏற்றி இறக்கும்.

*நேரத்தோடு விளையாடுபவை:* டிலே, ரிவர்ப். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ஒரு தடவை கூப்பிட்டால், குரல் திரும்பி வருமே, அது டிலே. கோயில் பிரகாரத்தில் கை தட்டினால் ஒலி பரவி மெல்லக் கரையும், அது ரிவர்ப்.

*உதவிக்கு வருபவை:* ட்யூனர், வால்யூம் பெடல், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர். இவை டோனை மாற்றாது. ஆனால் தினமும் தேவைப்படும்.

எந்த வரிசையில் இணைக்கணும்?

பெடல்களை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒலியே மாறும். பொதுவான வரிசை இது:

கிட்டார் → ட்யூனர் → வா-வா → கம்ப்ரஸர் → ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன் → கோரஸ், ஃபேசர் → டிலே → ரிவர்ப் → ஆம்ப்.

ஏன் இப்படி? டிலேவை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால், எதிரொலியும் அசல் ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து கிழிபடும். எல்லாம் குழம்பிய சாம்பார் மாதிரி ஆகிவிடும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால், ஏற்கெனவே கிழிந்த ஒலி தெளிவாகத் திரும்பத் திரும்பக் கேட்கும். ரிவர்ப் கடைசியில் ஏன்? நிஜ வாழ்க்கையிலும் ஒலி உண்டான பிறகுதானே அறைக்குள் பரவுகிறது.

ஒரு விதிவிலக்கு: பழைய பாணி ஃபஸ் பெடல்கள் கிட்டாரோடு நேரடியாக இணைந்திருக்கத்தான் விரும்பும். முன்னால் வேறு பெடல் வந்தால் அவற்றின் ஒலி மெலிந்தோ, கூச்சலாகவோ மாறலாம். அப்படிப்பட்ட ஃபஸ்ஸை முதலிலேயே வையுங்கள்.

ஆம்ப்பிலேயே டிஸ்டார்ஷனை வரவைப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. ஆம்ப்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் என்று இரண்டு துளைகள் இருந்தால், டிலே, ரிவர்ப் இரண்டையும் அங்கே இணைத்துப் பாருங்க. காரணம் மேலே சொன்னதேதான்.

இவை இரும்புச் சட்டமில்லை. வரிசையை மாற்றிப் பார்ப்பதற்குக் காசு எதுவும் ஆகாது. பத்து நிமிடம் செலவழித்து இரண்டு பெடல்களை இடம் மாற்றிக் கேளுங்கள், உங்கள் காதே சொல்லிவிடும்.

முதலில் எதை வாங்குவது?

நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான முதல் பெடல் ட்யூனர்தான். கேட்கவே சலிப்பா இருக்கும். ஆனால் சுருதி சேராத கிட்டாரை எந்தப் பெடலாலும் காப்பாற்ற முடியாது. கையில் காசு குறைவென்றால், தலையில் கவ்வும் கிளிப் ட்யூனர் போதும்.

*சினிமாப் பாட்டு, மேடைக் கச்சேரி:* ஓர் ஓவர்டிரைவ், ஒரு கோரஸ், ஒரு டிலே. மூன்று பெடலில் பெரும்பாலான பாடல்களைச் சமாளித்துவிடலாம்.

*ராக், மெட்டல்:* ஒரு டிஸ்டார்ஷன், அதன் முன்னால் கெயின் குறைத்து வைத்த ஓர் ஓவர்டிரைவ், ஒரு நாய்ஸ் கேட். ஓவர்டிரைவ் இங்கே கீழ் ஸ்தாயி இரைச்சலைக் குறைத்து, ரிஃபை இறுக்கமாக்கும்.

*கர்நாடக சங்கீதம்:* எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பது புதிதல்ல. ஆர்.பிரசன்னா அதற்காகவே உலகம் முழுக்க அறியப்பட்டவர். கமகத்துக்கு ஸ்வரம் நீண்டு நிற்க வேண்டும். மீட்டிய உடனே ஒலி செத்துவிட்டால் கம்பியை இழுத்து வளைக்கும்போது கேட்க எதுவும் மிஞ்சாது. கம்ப்ரஸரும் லேசான ஓவர்டிரைவும் அந்த ஆயுளைக் கூட்டும். இன்னொரு வசதியும் இருக்கிறது. டிஸ்டார்ஷனில் முழு கார்ட் வாசித்தால், ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய கரகரப்புகளை உண்டாக்கும். ராக இசை ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரமாக நகர்வதால் அந்தச் சிக்கல் வராது. ஆனால் தம்பூரா சுருதியை அதே பெடல் வழியாக விட்டுவிடாதீர்கள். தனி ஸ்பீக்கரில் ஓடட்டும்.

*வீட்டில் பழகுபவர்கள்:* தனித்தனிப் பெடலுக்குப் பதில் ஒரு மல்டி-எஃபெக்ட்ஸ் வாங்குவது நல்லது. ஒரே பெட்டியில் பல வகை எஃபெக்ட்டுகள், ட்யூனர், ஹெட்ஃபோன் வசதி எல்லாம் கிடைக்கும். எந்த எஃபெக்ட்டை நிஜமாகவே அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள் என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். பிறகு அதை மட்டும் நல்ல தரத்தில் தனிப் பெடலாக வாங்கலாம். இந்த ஒரு முடிவு பலருக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

டெல்லியில் எங்கே வாங்கலாம்?

பழைய டெல்லியில் தரியாகஞ்ச், நேதாஜி சுபாஷ் மார்க்கில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கன்னாட் பிளேஸிலும் பழைய இசைக்கடைகள் உண்டு. செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒயர், ஜாக், அடாப்டர் போன்றவை கிடைக்கும். நம்ம ஊர் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரை கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தேடுபவர்கள் நேரு பிளேஸையும் ஒரு சுற்று சுற்றி வரலாம்.

பெடல்கள் பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்கள். வெளிநாட்டு இணையதளத்தில் காட்டும் விலையோடு அனுப்பும் செலவு, சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேரும். 'அமெரிக்காவுல பாதி விலைதான்' என்று நம்பி ஆர்டர் போடும் முன் இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இந்தியாவிலேயே பெடல் தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் அதில் குறிப்பிடத்தக்கது. உள்நாட்டுத் தயாரிப்பில் சுங்க வரி இல்லை, பழுது பார்ப்பதும் எளிது.

கடையில் எப்படிச் சோதிப்பது?

* முடிந்தால் உங்கள் சொந்த கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் விலையுயர்ந்த கிட்டாரில் எல்லாப் பெடலும் நன்றாகத்தான் இருக்கும்.
* ஆம்ப்பை எந்த எஃபெக்ட்டும் இல்லாமல், சுத்தமான ஒலியில் வைக்கச் சொல்லுங்கள்.
* பெடலின் எல்லாத் திருகுகளையும் நடுவில், அதாவது கடிகாரத்தில் 12 மணி நிலையில் வைத்துத் தொடங்குங்கள்.
* பெடல் ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி லெவல் திருகைச் சரி செய்யுங்கள். இது ரொம்ப முக்கியம். சத்தம் அதிகமாக இருந்தால் நம் காது அதை 'நல்ல டோன்' என்று நினைத்து ஏமாறும்.
* கிட்டாரின் வால்யூமைக் குறைத்து வாசியுங்கள். நல்ல ஓவர்டிரைவ், ஒலி சுத்தமாவதைக் காட்டும்.
* வாசிக்காமல் சும்மா இருந்து, இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள்.

பழைய பெடல் வாங்குவதாக இருந்தால் இன்னும் சில சோதனைகள். ஸ்விட்சை இருபது முறை மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு திருகையும் சுற்றும்போது 'கரகர' சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஒயரைச் செருகி லேசாக ஆட்டினால் ஒலி விட்டு விட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது. பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே பச்சை, வெள்ளைப் படிவம் இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. இவற்றில் எதற்கும் 'அதெல்லாம் ஒண்ணும் இல்லை, சரியாயிடும்' என்று பதில் வந்தால், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் கிளம்பி வந்துவிடுங்கள்.

மின்சாரத்தில் கவனம்

வாங்கிய மறுநாளே பெடல் எரிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான அடாப்டர்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி மின்சாரம், பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரும் 9 வோல்ட்டாக இருக்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடு முனை பாசிட்டிவ். செருகினால் சில பெடல்கள் வேலை செய்யாது, சில நிரந்தரமாகவே கெட்டுப்போகும். அடாப்டரின் மேலே இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்து மில்லிஆம்பியர். சாதாரண ஓவர்டிரைவுக்குச் சில மில்லிஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலே, ரிவர்ப் போன்றவை நூறு, முந்நூறு வரை கேட்கும். எல்லாப் பெடலின் தேவையையும் கூட்டி, அதைவிட அதிகம் கொடுக்கும் அடாப்டர் வாங்குங்கள். மில்லிஆம்பியர் கூடுதலாக இருந்தால் ஆபத்தில்லை, பெடல் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து.

ஓர் அடாப்டரிலிருந்து பல பெடலுக்குச் சங்கிலியாக ஒயர் இழுத்தால் செலவு குறைவு. ஆனால் டிஜிட்டல் பெடலும் டிஸ்டார்ஷனும் ஒரே சங்கிலியில் இருந்தால் கீச்சென்ற இரைச்சல் வரலாம். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாக மின்சாரம் பிரித்துத் தரும் ஐசொலேட்டட் பவர் சப்ளை அதைத் தீர்க்கும்.

இன்வெர்ட்டரில் வாசிக்கும்போது 'கொர்ர்' என்று சத்தம் கூடுகிறதா? உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை மிகவும் குறையும். ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் இவையும் இரைச்சல் கொடுக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

எர்த்திங் இல்லையா? வாசிக்காதீங்க

இது டோன் பற்றிய விஷயமில்லை, உயிர் பற்றியது. கிட்டார் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்ப்பின் எர்த்துடன் இணைந்திருக்கின்றன. ஆம்ப்பும் மைக்கும் வேறு வேறு இடத்தில் இருந்து மின்சாரம் எடுத்து, அதில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால், கம்பியைப் பிடித்தபடி மைக்கைத் தொடும்போது உங்கள் உடல் வழியாக மின்சாரம் பாயும்.

1972 மே மாதம், பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். நம்ம ஊரில் மின்சாரம் 230 வோல்ட். கல்லூரி விழாவிலும் கல்யாண மண்டபத்திலும் ஜெனரேட்டரில் இருந்து இழுத்த ஒயரில் மூன்றாவது முள்ளே இல்லாத பிளக்குகளை இன்றும் பார்க்கலாம்.

என்ன செய்வது? ஆம்ப், பெடல், மைக் மிக்சர் எல்லாம் ஒரே எர்த் உள்ள இணைப்பில் இருந்து மின்சாரம் எடுக்கட்டும். வாசிக்கும் முன் எலெக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மைக்கைத் தொடும்போது உதட்டில் சுருக்கென்று பட்டால் உடனே நிறுத்துங்கள். இரைச்சலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவது அல்லது டேப் ஒட்டுவது என்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அக்கம்பக்கமும் உங்கள் காதும்

2000ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. சுவரோடு சுவர் ஒட்டிய டெல்லி வீடுகளில் ஆம்ப்பைத் திருகினால், வீட்டு ஓனரிடம் இருந்து போன் வர ரொம்ப நேரம் ஆகாது. ஹெட்ஃபோன் துளை உள்ள மல்டி-எஃபெக்ட்ஸ் அல்லது சிறிய ஆம்ப் இதற்குத் தீர்வு. டிஸ்டார்ஷன் பெடலில் நேரடியாக ஹெட்ஃபோன் மாட்டினால் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் உயர் ஸ்தாயியை இயல்பாகவே குறைத்துவிடும், ஹெட்ஃபோன் அப்படிச் செய்யாது. அதனால் ஸ்பீக்கர் அல்லது கேபினெட் சிமுலேஷன் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். டிரம்ஸோடு சின்ன அறையில் ஒத்திகை பார்த்தால் அந்த அளவை எளிதாகத் தொட்டுவிடும். இசைக்கலைஞர்களுக்கான காது அடைப்பான் ஒரு பெடலை விட மிகவும் மலிவு. போன காது திரும்பி வராது.

திருகுகளை எப்படி வைப்பது?

*ஓவர்டிரைவ்:* கெயினை முழுதும் குறைத்துத் தொடங்கி, வேண்டிய கரகரப்பு வந்ததும் நிறுத்துங்கள். பிறகு அதிலிருந்து கொஞ்சம் குறையுங்கள். வீட்டில் தனியாகக் கேட்கும்போது கெயின் போதாதது போலத் தெரியும். இசைக்குழுவோடு சேரும்போதுதான், கெயின் குறைந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக வருவது புரியும்.

*மிட்:* படுக்கையறையில் மிட்டைக் குறைத்தால் ஒலி பிரம்மாண்டமாகக் கேட்கும். மேடையில் அதே செட்டிங் காணாமல் போய்விடும். கீழ்ப்பகுதியை பேஸும் டிரம்ஸும், மேல்பகுதியை சிம்பலும் பிடித்துக்கொள்ளும். கிட்டாரின் இடம் நடுவில்தான். வயலின், கீபோர்டு, டோல் எல்லாம் இருக்கும் குழுவில் இது இன்னும் முக்கியம். யாருக்கு எந்தப் பகுதி என்று ஒத்திகையிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

*டிலே:* பாட்டின் வேகத்தோடு ஒத்துப்போக ஒரு சின்னக் கணக்கு. 60,000ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால், ஒரு தாள எண்ணிக்கைக்கு எத்தனை மில்லி விநாடி என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்றால் 500 மில்லி விநாடி. அதில் முக்கால் பங்கான 375 வைத்தால், நீங்கள் வாசிப்பதற்கு இடையில் எதிரொலி துள்ளி வந்து விழும். டேப் ஸ்விட்ச் இருந்தால் கணக்கே வேண்டாம், காலால் தட்டினால் போதும்.

*ரிவர்ப்:* ஆஃப் செய்தால்தான் அது இருந்ததே தெரிய வேண்டும். ஏற்கெனவே எதிரொலிக்கும் மண்டபத்தில் வாசிக்கிறீர்களா? ரிவர்ப்பை அணைத்துவிடுங்கள்.

பிடித்த செட்டிங் கிடைத்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பையில் போட்டு எடுத்துப் போகும்போது திருகுகள் நகர்ந்துவிடும்.

பராமரிப்பு எப்படி?

மே, ஜூனில் டெல்லியில் வீசும் புழுதிக்காற்றுதான் பெடல்களுக்கு முதல் எதிரி. வாசித்து முடித்ததும் துணியால் மூடி வையுங்கள். திருகு கரகரத்தால், எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை லேசாக அடித்து, திருகை இரு பக்கமும் பலமுறை சுற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

பேட்டரியில் ஓட்டுபவர்கள், வாசித்து முடித்ததும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஒயரைச் செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் காலையில் பேட்டரி காலியாகியிருக்கும். பல மாதம் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள்.

பெடல் இல்லாமல் நல்ல டோன் வராதா?

வரும். பிக் பிடிக்கும் கோணம், மீட்டும் இடம், விரலின் அழுத்தம், கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம், டோன் திருகுகள் இவையெல்லாம் காசு கொடுக்காமல் கிடைக்கும் எஃபெக்ட்டுகள். பிரிட்ஜ் பக்கத்தில் மீட்டினால் ஒலி கூர்மையாகும். கழுத்துப் பக்கம் வந்தால் மென்மையாகும். துருப்பிடித்த பழைய கம்பியை மாற்றினாலே பாதிப் பேருக்கு ஒலி தெளிந்துவிடும்.

அதனால் செலவு வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் புதுக் கம்பி, நல்ல ஒயர், ட்யூனர். அடுத்து, கிட்டாரைச் செட்டப் செய்து கம்பியின் உயரத்தைச் சரிபார்த்தல். பிறகு ஒரு மல்டி-எஃெபக்ட்ஸ், அல்லது நீங்கள் வாசிக்கும் இசைக்குத் தேவையான ஒரே ஒரு பெடல். அதை ஒரு மாதம் வாசித்து, ஒவ்வொரு திருகும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் அந்தப் பெடல் வேண்டுமா, வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.